குலசாமிக்கு வைத்த அமரோனே

எனக்கு மெதுவாகப் பேச வராது. சந்தோஷமானாலும் கோபமானாலும் ஒரே சத்தம்தான். ஓட்டலில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு, குனிந்து, சிரித்து, விருந்தாளிக்குத் தட்டு வைப்பேன். அந்த ஓட்டல் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே கடலோரத்தில் இருக்கிறது. நானோ ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஒரு கிராமத்துக்காரி. மதுரையில் கேட்டரிங் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டேன். பெரிய பயணிகள் கப்பலில் ஒயின் பரிமாற வேண்டும்.

அது சும்மா ஊற்றிக் கொடுக்கிற வேலை இல்லை. விருந்தாளி என்ன சாப்பிடப் போகிறார் என்று கேட்டு, அந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சாப்பாடும் கெடும், ஒயினும் கெடும். சரியாகச் சொன்னால் அவர் முகம் மலர்வதைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். அதை நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்காது. ஆனால் இதை ஊரில் எப்படிச் சொல்வது? அதனால் அம்மாவிடமும் அய்யாவிடமும், ‘கப்பல்ல பரிமாறுற வேலை’ என்று பாதியை மட்டும் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்போம்.

தை பிறந்ததும் ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். செல்போனில், வீடியோவில். கேள்வி கேட்டவர் நரைத்த கிராப்புத் தலையோடு ஓர் அம்மாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று, “அமரோனேவுக்கு என்ன சாப்பாடு வைப்பாய்?” என்றார்.

அமரோனே என்பது இத்தாலியின் வடக்கே, வெரோனா பக்கத்து மலைச்சரிவுகளில் செய்யும் சிவப்பு ஒயின். மற்ற ஒயினுக்குத் திராட்சையைப் பறித்ததும் பிழிந்துவிடுவார்கள். இதற்கு அப்படி இல்லை. குலை குலையாகப் பரணில் பரப்பி, காற்றில் மாதக்கணக்கில் வாடப் போடுவார்கள். தண்ணீர் வற்றிச் சுருங்கின பிறகுதான் பிழிவது. அதனால் ருசியும் கனம், போதையும் கனம். சாதாரணச் சாப்பாட்டை அது தூக்கி விழுங்கிவிடும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். “வெகுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சி, காட்டுப்பன்றி, வருடக்கணக்கில் முதிர்ந்த சீஸ்” என்று கடகடவென்று ஒப்பித்தேன்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். “நல்லது. இதில் எதை நீ அந்த ஒயினோடு சாப்பிட்டிருக்கிறாய்?”

எதையும் இல்லை. அமரோனேவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

“அடுத்த திங்கட்கிழமை மறுபடி பேசலாம்” என்றார். “உன் ஊர்ச் சாப்பாட்டில் ஒன்றைச் சொல். ஆனால் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல். புத்தகம் என்னிடமும் இருக்கிறது.”

போனை வைத்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராமநாதபுரம் ஜில்லாவில் அமரோனேவுக்கு நான் எங்கே போவேன்? அடுத்த நிமிடமே அந்தக் கோபம் கரைந்துவிட்டது. இல்லை என்று சொல்லாமல் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாரே! அன்றைக்கு டீ டிரேயைத் தூக்கிக்கொண்டு நடந்தேனா பறந்தேனா, தெரியவில்லை.

அதிர்ஷ்டம் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் ஓட்டலில் ஓர் இத்தாலிக்காரர் தங்கியிருந்தார். பெரிய காற்றாடியை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டுக்காக வந்தவர். இந்த மாதத்துக் காற்றுக்காகவே இப்படி நிறையப் பேர் இந்தப் பக்கம் வருவார்கள். வந்த இடத்தில் பவளப்பாறை காலைக் கிழித்து, காயம் பழுத்துவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்து, மதுவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊர் திரும்பும் நாளில் அவரிடம், “உங்கள் ஊர் அமரோனேவை ஒரு வாயாவது குடித்துப் பார்க்க ஆசை” என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் நொண்டி நொண்டி அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கறுத்த பாட்டில். பிறந்தநாளைக்கு இங்கே குடிப்பதற்காக வீட்டிலிருந்து கொண்டுவந்தாராம். “நான் குடிக்க முடியாது. நீ குடி” என்றார். நான் போட்ட கூச்சலில் சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்துவிட்டார்.

ஓட்டல் ஆட்கள் தங்குகிற அறைக்குத் தகரக் கூரை. வெயிலில் ஒயின் வெந்துபோகும். அந்த வார விடுமுறையில் பாட்டிலைத் துணிக்குள் சுற்றி, பஸ் ஏறி, ஊருக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறை இருட்டாகவும் குளுமையாகவும் இருக்கும். அதிலும் உள்மூலையில் ஒரு பலகை மேல் குலசாமியின் தகரப் பெட்டி. சாமியின் அரிவாள், சலங்கை, வேட்டி எல்லாம் அதற்குள்தான். அந்த மூலைக்கு அம்மாகூடக் குளிக்காமல் போக மாட்டார். யாரும் தொடாத இடம்! என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, பாட்டிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன்.

வெளியே வந்தால் அம்மா, “வர்ற ஞாயித்துக்கெழம குலசாமிக்குக் கெடா வெட்டுறோம்த்தா. ஒனக்குக் கப்பல் வேல கெடைக்கணும்னு நேந்துக்கிட்டேன்” என்றார்.

எனக்கு அதுவும் வசதிதான். ஞாயிறு மதியம் கிடா வெட்டு. சாயங்காலம் வீட்டில் பாட்டிலைத் திறந்து ருசி பார்ப்பேன். திங்கள் நேர்காணல். எந்தச் சாப்பாடு என்பதையும் முடிவு செய்துவிட்டேன். வாடிய திராட்சை ஒயினுக்கு வாடிய மீன்! கருவாடு! எங்கள் கடற்கரையையே கப்பலுக்கு ஏற்றிவிட்டதாக நினைத்தேன். அந்த அம்மாள் வாயடைத்துப் போவார் என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை முடித்ததும் ஓட்டல் அடுப்பிலேயே நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று பொரித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். எனக்கு ஜன்னல் கிடைத்தது.

எங்கள் குலசாமி கோயிலுக்குக் கட்டடம் கிடையாது. கண்மாய்க் கரையில் ஒரு வேப்ப மரம், அடியில் நட்ட கல், அதன் முன்னால் வரிசையாகக் குத்திய அரிவாள்கள். நான் போய்ச் சேரும்போது கிடா வெட்டி முடிந்திருந்தது. ஆண்கள் அடுப்பு மூட்டிக் கறி வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லுக்கு முன்னால் வாழையிலையில் சுட்ட ஈரல், சுருட்டு, பொரி, வாழைப்பழம். அதன் நடுவே ஒரு புது மண் கலயம். கலயத்துக்குப் பக்கத்தில் வெறும் பாட்டில்.

கறுத்த பாட்டில். என் பாட்டில்.

“யாரு இத எடுத்தது?” என்று நான் கத்தின கத்தலில் மரத்தில் இருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன.

அய்யாவின் தம்பி, என் சித்தப்பா, சாமியாடுகிறவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெருமையோடு வந்தார். “நான்தான்த்தா. காலையில பொட்டியத் தூக்கப் போனேன். பக்கத்துலயே படுத்துருந்துச்சு. வேல கெடைக்கணும்னு புள்ள வெளிநாட்டுச் சரக்காவுல வாங்கி வச்சிருக்குன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். மூடியத் தொறக்க வரல. அரிவா நுனிய வச்சு உள்ளுக்குத் தள்ளிட்டேன்.”

என்னத்தைச் சொல்வது? அவர்மேல் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் சாமிப் பெட்டிக்குப் பக்கத்தில் எது இருந்தாலும் அது சாமிக்கு. கோழி முட்டை இருந்தால்கூடச் சாமிக்குத்தான். பிறந்ததிலிருந்து அது தெரிந்த நானே அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். எங்கள் குலசாமிக்குச் சாராயம் படைப்பதும் புதிதில்லை. வருடா வருடம் கடைச் சரக்கு குடிக்கிற சாமிக்கு இந்த வருடம் இத்தாலியிலிருந்து வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் இன்னொரு வழக்கம் இருக்கிறது. படையலில் வைத்த எதுவும் கரையை விட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அங்கேயே தீர்த்துவிட வேண்டும். கறி எல்லாருக்கும், சாராயம் ஆண்களுக்கு மட்டும். ஆக, என் ஒயின் எனக்கு இல்லை. நாளைக்கு அந்த அம்மாள், ‘சாப்பிட்டுப் பார்த்தாயா?’ என்று கேட்பார். நான் மறுபடி புத்தகத்தை ஒப்பிக்க வேண்டியதுதான்.

சித்தப்பா கற்பூரம் காட்டி முடித்தார். ஒரு சொம்பில் கொஞ்சம் மொண்டு வாயில் ஊற்றிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “கசாயமாவுல இருக்கு. ஏலே, அந்தச் சோடாவ எடு.”

“சோடா ஊத்துனா நான் கண்மாயில குதிச்சிருவேன்!” என்றேன். கண்மாயில் முழங்கால் அளவுதான் தண்ணீர். யாரும் சிரிக்கவில்லை, நான் அழுகிற முகத்தோடு நின்றதால்.

அய்யா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். “எதுக்குத்தா இந்தச் சத்தம்?”

அந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். கப்பலில் நான் பரிமாறப் போவது சோறு இல்லை, இதுதான். எந்தக் கறிக்கு இது பொருந்தும் என்று நாளைக்கு நான் சொல்ல வேண்டும். ருசி பார்க்காமல் சொன்னால் வேலை இல்லை. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பொம்பளப் புள்ள சாமி சரக்குல வாய வைக்கிறதாண்ணே?” என்றார் சித்தப்பா. கோபமாக இல்லை, நிஜமாகவே பயந்து கேட்டார்.

அய்யா கல்லைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். “ஏலே, இந்தக் கெடா யாருக்காக வெட்டுனது?”

“இவளுக்காகத்தான்.”

“அப்ப இவளுக்குக் குடுக்காம நம்ம குடிச்சா அது சேருமா?”

அய்யா தானே ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கழுவி, கலயத்திலிருந்து மொண்டு என்னிடம் நீட்டினார்.

முதலில் மோந்து பார்த்தேன். அடேயப்பா! காய்ந்த பழம், கிராம்பு, சாக்லெட், சுருட்டு, அதோடு புது மண்சட்டியின் வாசம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மாதிரி முரட்டு ஒயினை முன்கூட்டியே திறந்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றிக் காற்றாட விட வேண்டும். பெரிய ஓட்டல்களில் இதற்கென்றே கண்ணாடிக் குடுவை உண்டு. எங்கள் சித்தப்பா காலையிலேயே ஊற்றி வைத்துவிட்டார். அதுவும் தண்ணீரில் ஊறிய புதுக் கலயத்தில், வேப்ப மர நிழலில், தை மாதக் காற்றில். நான் வீட்டில் சாயங்காலம் திறந்திருந்தால் அவசரத்தில் உடனே வாயில் ஊற்றியிருப்பேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு நெத்திலி, ஒரு மடக்கு.

தூ! துருப்பிடித்த ஆணியை நக்கின ருசி. மீன் நாற்றம் பத்து மடங்காகி மூக்கில் ஏறியது. ஒயின் ருசி பார்க்கிறவர்கள் விழுங்க மாட்டார்கள், துப்பிவிடுவார்கள். நானும் பழக்கத்தில் திரும்பித் துப்பப் போனேன். “சாமி பிரசாதத்தத் துப்புறியாக்கும்!” என்று அம்மா போட்ட சத்தத்தில் மொத்தத்தையும் முழுங்கினேன். கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்த பேச்சு முழுக்க அந்த மடக்கோடு போயிற்று. ஆண்கள் என் கருவாட்டைச் சந்தோஷமாகத் தீர்த்தார்கள்.

அடுத்து உப்புக்கறி. காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு நல்லெண்ணெயில் சுண்ட வதக்கிய ஆட்டுக்கறி. எங்கள் ஜில்லாவில் அதற்கு மேல் ஒரு கறி கிடையாது என்பேன். இதுதான் என்று நிச்சயமாக நம்பினேன். ஆனால் மிளகாய்க் காரமும் ஒயின் காட்டமும் சேர்ந்து தொண்டையில் தீ வைத்தன. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கறியின் ருசியும் தெரியவில்லை, ஒயினின் ருசியும் தெரியவில்லை. டம்ளரில் பாதிதான் மிச்சம். எனக்குள் பயம் திரும்பி வந்தது.

“இன்னும் ஈரலத் திங்கலியே” என்றார் அய்யா.

எங்கள் சாமிக்கு முதல் படையல் ஈரல். கிடாவை வெட்டியதும் ஈரலை முழுசாக எடுத்து, கருவேலங்கரிக் கங்கில் சுடுவார்கள். உப்பும் தட்டிய மிளகும் மட்டும்தான். சாமிக்கு மிளகாய் ஆகாது. படைத்த பிறகு ஆளுக்கு ஒரு துண்டு வரும், அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எல்லாருக்கும் கண் கறிச்சட்டி மேல்தான் இருக்கும். அய்யா கங்கில் ஒரு துண்டைச் சூடு காட்டி என் கையில் வைத்தார். வெளியே கருகி, உள்ளே மெத்தென்று, ஓரத்தில் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது.

மென்றேன். ஒரு மடக்குக் குடித்தேன்.

அதை எப்படி எழுதுவேன்! ஈரலின் கசப்பு ஒயினின் கசப்பைப் பார்த்ததும் இரண்டும் சேர்ந்து இனிப்பாகிவிட்டன. கொழுப்பு நாக்கில் படிந்த இடத்தை ஒயின் துடைத்தது. ஒயின் முறுக்கிக்கொண்டு நின்ற இடத்தைக் கொழுப்பு தளர்த்தியது. கரிப்புகை, மிளகு, சுருட்டு, காய்ந்த பழம், எல்லாம் ஒரே குடும்பத்துக்காரர்கள் விசேஷ வீட்டில் சந்தித்த மாதிரி ஒன்றாகக் கலந்து பேசின. நான் நின்ற இடத்திலேயே குதித்தேன். “இதுதான்! அய்யா, இதுதான்!” என்று கத்தினேன். இன்னொரு துண்டு, இன்னொரு மடக்கு. பிறகு மிளகு ரசத்தில் வெந்த எலும்பை உடைத்து, நல்லியை உறிஞ்சிவிட்டு ஒரு மடக்கு. அதுவும் பொருந்தியது! துப்பாமல் குடித்ததால் தலை லேசாகச் சுற்றியது. சித்தப்பாவுக்கும் ஈரலைக் கொடுத்து, உடனே ஒயினைக் குடிக்கச் சொன்னேன். மென்றார், குடித்தார். சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு துண்டு ஈரல் கேட்டார்.

மறுநாள் மதியம் ஓட்டல் துணி அலமாரி அறையில் உட்கார்ந்து போனை நிமிர்த்தி வைத்தேன். அந்த அம்மாள் கேட்டார், நான் சொன்னேன். கங்கில் சுட்ட ஆட்டு ஈரல், உப்பும் மிளகும் மட்டும். மிளகாய் கூடவே கூடாது. நாலு மணி நேரம் முன்னால் வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி வைக்க வேண்டும். விருந்தாளி கருவாட்டுக்கோ மீனுக்கோ இதைக் கேட்டால், நான் காலில் விழுந்தாவது தடுப்பேன்.

“மீன் ஏன் கூடாது?” என்றார்.

“நேற்றுச் சாப்பிட்டேன் மேடம். இன்னும் வாயில் ஆணி ருசி போகவில்லை.”

அவர் சிரித்தார். பிறகு, “யார் உனக்கு நாலு மணி நேரம் முன்னால் ஊற்றி வைத்தது?” என்று கேட்டார். நான் குலசாமி, அரிவாள், சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னேன். பாதிக்கு மேல் எனக்குச் சத்தம் கூடிவிட்டது. அவர் போனின் ஒலியைக் குறைப்பது எனக்குத் தெரிந்தது, ஆனால் அவர் என்னை நிறுத்தவில்லை.

அந்த வாரக் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. படித்ததும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஊருக்குப் போன் போட்டேன். அய்யா வயலில் நின்றார். அறுப்பு மிசின் ஓடும் இரைச்சலில் அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. நான் “அய்யா!” என்று ஒரு வார்த்தைதான் கத்தினேன்.

“எப்பத்தா கெளம்பணும்?” என்றார்.

வேலை கிடைத்ததா என்று அவர் கேட்கவே இல்லை. மாசிக் கடைசியில் என்று நான் சொன்னதுகூட அவர் காதில் விழுந்ததோ என்னவோ. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. வாழ்நாளில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“ஏலே, மிசின நிப்பாட்டு! அங்கன நிக்கிறவுகளும் இங்கன வாங்க! எம்மக கப்பல்ல ஒயினு ஊத்துற வேலைக்குப் போறா!”